லோடு என்றால் காலி

"லோடு, மேல, மூணாம் கல்" என்று மைக்கில் சொல்லிவிட்டு, டிரைவர் விசில் அதைத் திரும்பக் கொக்கியில் மாட்டினான். வண்டியில் அப்போது இருந்த லோடு என்று பார்த்தால், அவனும் அவன் மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பாவும்தான். மரம் ஏற்றும் நீளத் தட்டு பின்னால் வெறுமையாக ஆட, அதன்மேல் இரும்புச் சங்கிலிகள் மட்டும் துள்ளித் துள்ளிச் சத்தம் போட்டுக்கொண்டு வந்தன.

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. வண்டி ஓட்டும்போது ஓயாமல் விசில் அடிப்பதால் மர டிப்போவில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளம் போடும் கிளார்க்கே கொஞ்சம் யோசித்துத்தான் அவனுடைய நிஜப் பெயரைக் கண்டுபிடிப்பார். நல்லவன், குடிக்க மாட்டான், கடன் கேட்க மாட்டான், வழியில் டயர் வெடித்து நிற்பவனைப் பார்த்தால் இறங்கி ஜாக்கி பிடிப்பான். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் கெட்டவன் என்று யாரும் கிடையாது. எனக்கு வருத்தமே அதுதான்.

டிப்போவிலிருந்து மலைமேல் இருக்கும் மரம் வெட்டும் முகாமுக்குப் போக இருப்பது ஒரே ஒரு ஜல்லி ரோடு. தார் இல்லை, விளக்கு இல்லை, போன் எடுக்காது. இரண்டு பக்கமும் ஆகாயத்தை மறைக்கும் காடு. ஒரு பக்கம் மலைச்சுவர் என்றால் மறுபக்கம் பள்ளம். ஒரு வண்டி போகத்தான் அகலம் உண்டு. அங்கங்கே ரோட்டை அகலப்படுத்தி, எதிரே வரும் வண்டிக்காக ஒதுங்கி நிற்க இடம் விட்டிருந்தார்கள். முன்னால் போகிற வண்டி கிளப்பும் புழுதி அடங்குவதற்குள் பின்னால் வருகிறவன் பாதி கண்ணால்தான் ஓட்ட வேண்டும். மழை பெய்தால் புழுதி போய்விடும், ஆனால் ரோட்டின் ஓரமும் சேர்ந்து போய்விடும்.

இப்படிப்பட்ட ரோட்டில் டிரைவர்களைக் காப்பாற்றி வந்தது ஒவ்வொரு வண்டியிலும் இருந்த வயர்லெஸ் பெட்டிதான். ரோட்டோரம் நட்டிருந்த ஒவ்வொரு மைல்கல்லைத் தாண்டும்போதும் தன் வண்டி காலியா லோடா, மேலே ஏறுகிறதா கீழே இறங்குகிறதா, எந்தக் கல் என்று சொல்ல வேண்டும். லோடு வண்டி எதற்கும் நிற்காது. லோடோடு ஏறும் வண்டி சரளை மேட்டில் ஒருமுறை நின்றால், மறுபடி பிடி கிடைக்காமல் பின்னால் சறுக்கும். லோடோடு இறங்கும் வண்டி, பிரேக்கை மிதித்தாலும் தன் இஷ்டத்துக்குத்தான் நிற்கும். அதனால் லோடு என்று கேட்டால் மற்ற வண்டிகள் ஒதுங்கிவிட வேண்டும். காலி வண்டி மேலே ஏறும்போது, எதிரே இறங்கி வருவது ஜீப்பாக இருந்தாலும் அதற்கு வழிவிட்டு நிற்க வேண்டும். ரோடு போட்ட நாளிலிருந்து சட்டம் இதுதான்.

ஆனால் மேலே ஏறும் மர வண்டி எப்போதும் காலிதானே? எப்போதாவது முகாமுக்கு டீசலோ மெஷினோ போனால்தான் லோடு. மற்ற நாளெல்லாம் ஒவ்வொரு வளைவிலும் நின்று, இறங்கி வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். முகாமில் மரம் ஏற்றும் மெஷினோ ஒன்றே ஒன்று. முந்திப் போனவன் முந்தி ஏற்றிக்கொண்டு வெளிச்சத்திலேயே வீடு திரும்புவான். பிந்தியவன் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

யார் முதலில் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு டிரைவருக்கு நிஜமாகவே அவசரம் இருந்திருக்கும். காலி வண்டியில் ஏறியவன் 'லோடு' என்று சொல்லியிருப்பான். எதிரே வந்த வேனும் ஜீப்பும் ஒதுங்கியிருக்கும். அடுத்த நாள் அவசரம் இல்லாமலும் சொல்லியிருப்பான். நல்ல பழக்கம் பரவத்தான் நாளாகும், இது ஒரு தும்மலில் பரவுகிற ஜலதோஷம் போலப் பரவிவிட்டது. 'காலி' என்று உண்மையைச் சொன்னவன் இளிச்சவாயன் ஆனான்.

எல்லோரும் லோடு ஆனதும், நிஜ லோடோடு இறங்குகிறவர்களுக்குச் சிக்கல் வந்தது. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். நிஜமாகவே லோடு இருந்தால் 'லோடு லோடு' என்று இரண்டு தடவை சொல்ல வேண்டும். ஒரு தடவை சொன்னால் காலி. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. டீ குடிக்கும் கொட்டகையில் கேலியாக ஆரம்பித்தது, கொஞ்ச நாளில் சட்டமாகிவிட்டது. புதிதாக வரும் டிரைவருக்கு, டிரைவர்களில் மூத்தவரான சீனியர் முதல் நாளே பாடம் எடுப்பார்.

"தம்பி, நல்லா கேட்டுக்கோ. லோடுன்னா காலி. லோடு லோடுன்னாத்தான் லோடு. புரிஞ்சுதா?"

"அப்போ காலின்னா என்னண்ணே?"

"காலின்னு சொன்னா மூளை காலின்னு அர்த்தம்" என்பார் சீனியர். கொட்டகையே சிரிக்கும்.

அந்த ரோட்டில் தினமும் போகிற எல்லோருக்கும் இந்த அகராதி பழகிப்போனது. பழகாதவர் ஒரே ஒருவர்தான்.

அவர் நர்ஸ். எல்லோருக்கும் அவர் 'சிஸ்டர்'. வாரத்தில் ஒரு நாள், சுகாதார நிலையத்தின் பழைய ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு முகாமுக்குப் போவார். அங்கே வேலை செய்கிறவர்களின் குடும்பங்கள் தகரக் கொட்டகைகளில் இருந்தன. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மாத்திரை, ரம்பம் கிழித்த கைகளுக்குத் தையல் என்று எல்லாம் அவர்தான். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. பெரிய பிரேம் போட்ட கண்ணாடி. ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்தாற்போல் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் ஓட்டுவார். ஆனால் ஒரு கல்லைக்கூட அறிவிக்காமல் தாண்ட மாட்டார். டீக் கொட்டகைக்கு அவர் வருகிறவர் இல்லை. சீனியரின் பாடம் அவர் காதுக்குப் போய்ச் சேர வழியே இல்லை. 'லோடு' என்று கேட்டால், பாவம், அவர் லோடு என்றுதான் நினைத்தார்.

அன்றும் அவர் முகாமில் வேலையை முடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

"ஜீப், கீழ, ஒன்பதாம் கல். யாராச்சும் மேல வர்றீங்களா?" என்று விசிலின் பெட்டியில் அவர் குரல் கரகரத்தது.

விசில் அப்போது ஏழாம் கல்லில் இருந்தான். அவனுக்குப் பக்கத்திலேயே ஒதுங்கும் இடம், இரண்டு லாரி நிற்கும் அளவுக்கு அகலமாக, காலியாகக் கிடந்தது. அங்கே நிறுத்தியிருந்தால் ஒரு டீ ஆறும் நேரத்துக்குள் ஜீப் இறங்கிப் போயிருக்கும். அன்று அவனுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. முகாமில் வரிசையும் இல்லை. பின்னாளில் அவனை இதுதான் அதிகமாக அரித்தது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றோ, வீட்டில் விசேஷம் என்றோ சொல்லிக்கொள்ள ஒரு காரணம்கூட இல்லை. கை பாட்டுக்கு மைக்கை எடுத்தது, வாய் பாட்டுக்குச் சொன்னது.

"லோடு, மேல, ஏழாம் கல்."

"ஐயோ, லோடா? நீங்க நிக்காதீங்க தம்பி, வந்துட்டே இருங்க. நான் ஒதுங்கிக்கறேன்."

விசில் கியரை மாற்றி மேட்டில் ஏறினான். சிஸ்டர் அவர்களுடைய ஆள் இல்லை, அவருக்கு அந்த அகராதி தெரியாது என்று அவன் மனதில் ஒரு மூலையில்கூடத் தோன்றவில்லை.

ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒதுங்கும் இடம் வேறு கிடையாது. சிஸ்டர் ஜீப்பைப் பின்னுக்கு எடுத்து, ஒன்பதாம் கல் வளைவில் ரோடு கொஞ்சம் அகலமாக இருக்கும் இடத்தில் ஓரமாக நிறுத்தப் பார்த்தார். லோடு வண்டி பெரிதாயிற்றே, இன்னும் கொஞ்சம் இடம் விடுவோம் என்று இன்னும் கொஞ்சம் தள்ளினார். முந்தைய வாரத்து மழை அந்த ஓரத்தை அடியில் தின்றுவிட்டு, மேலே ஜல்லியை மட்டும் பத்திரமாக விட்டு வைத்திருந்தது. பின்சக்கரம் ஏறியதும் ஓரம் அப்படியே இறங்கியது. ஜீப் இரண்டு முறை புரண்டு, கீழே ஒரு மரத்தில் முட்டி நின்றது.

சற்று நேரத்தில் அதே வளைவில் விசிலின் வண்டி திரும்பியது. ஜீப் கண்ணில் படவில்லை. எங்கேயாவது ஒதுங்கியிருப்பார்கள் என்று நினைத்தான். வழிவிட்டவருக்கு இரண்டு தடவை ஹாரன் அடித்து நன்றி சொல்வது அந்த ரோட்டு வழக்கம். அவன் மரியாதை தெரிந்தவன் அல்லவா, யாரும் இல்லாத வளைவைப் பார்த்து இரண்டு தடவை அடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து விசிலைத் தொடர்ந்தான்.

முகாமில் மரம் ஏற்றி முடித்து, சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் பெட்டியில் சீனியரின் குரல் வந்தது. லோடோடு இறங்கிக்கொண்டிருந்தவர், வளைவில் ரோட்டு ஓரம் பிய்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறார்.

"ஒன்பதாம் கல் வளைவுல ஜீப் ஒண்ணு பள்ளத்துல கிடக்குதுப்பா. நம்ம சிஸ்டர் ஜீப்புதான். மேல இருக்கவங்க கயிறு எடுத்துட்டு வாங்க. உயிர் இருக்கு, சீக்கிரம் வாங்க!"

விசில் கையிலிருந்த டப்பா கீழே விழுந்து உருண்டது. அவனுக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று அதன்பிறகு அவன் எவ்வளவு நடித்தும் பயனில்லை, அந்த ஒரு கணத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது.

கயிறு கட்டி இறங்கி, பலகையில் வைத்து அவரைத் தூக்கியவர்களில் அவனும் ஒருவன். அரை மயக்கத்தில் இருந்த சிஸ்டர், "மெதுவா தம்பி, மண்ணு வழுக்கும்" என்றார்.

தொடை எலும்பும் இடுப்பு எலும்பும் உடைந்திருந்தன. பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்னார். அந்த மட்டில் தப்பித்தோம் என்று விசில் மூச்சு விட்டான். விசாரணை என்று ஒன்று வரும் என்று அவன் அப்போது நினைக்கவில்லை.

விசாரணைக்கு முன்பே டீக் கொட்டகையில் ஒரு கூட்டம் நடந்தது. சீனியர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாரு சொன்னது, எவரு சொன்னதுன்னு நான் கேக்கப் போறதில்ல. நாம எல்லாரும் ஒரே குட்டையில ஊறின மட்டைதான். ஒருத்தன் வாயைத் திறந்தா எல்லாருக்கும் ஆப்பு. பேசாம இருங்க. அந்தம்மாவுக்கும் இது தெரிஞ்சிருக்கணும்ல? லோடுன்னா காலின்னு இந்த ரோட்டுல இருக்க காக்கா குருவிக்குக் கூடத் தெரியுமே!"

"அவங்களுக்கு யாருண்ணே சொன்னது?" என்று விசில் கேட்டான்.

சீனியர் அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "டீ ஆறிடுச்சு" என்று எழுந்து போனார்.

டிப்போ ஆபீசில் சூப்பர்வைசர் டிரைவர்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். சுகாதார நிலையத்திலிருந்து ஓர் அதிகாரியும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"லோடு வண்டி வருதுன்னு கேட்டுத்தான் ஒதுங்கினேன்னு அந்தம்மா சொல்றாங்க. அன்னிக்கு மேல லோடு போச்சா? யாராச்சும் எடுத்துட்டுப் போனீங்களா?"

யாரும் எடுத்துப் போகவில்லை. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அதில் ஒரு பொய்யும் இல்லை.

"எனக்கே தெரியும். நான்தானே அனுப்பறவன்! அன்னிக்கு ஒரு டப்பா டீசல்கூட மேல போகல" என்ற சூப்பர்வைசர் அதிகாரியின் பக்கம் திரும்பினார். "சார், இல்லாத லோடுக்கு எப்படி சார் ஒதுங்குவாங்க? களைப்புல கண்ணு அசந்திருப்பாங்க. இப்போ வேலை போயிடும்னு கதை விடறாங்க. பொம்பளைங்க கையில இந்த ரோட்டைக் குடுக்காதீங்கன்னு நான் அப்பவே சொன்னேன்."

விசில் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் நின்ற சீனியர் மெல்ல இருமினார். வந்த சொல்லை அவன் விழுங்கிவிட்டான். அந்த ரோட்டில் ஒரு நாளும் ஒரு கல்லைக்கூடப் பொய்யாகச் சொல்லாத ஒரே மனுஷி, அந்த அறையில் பொய்க்காரி ஆகிவிட்டாள். பொய் சொன்னவர்கள் அத்தனை பேரும் சாட்சிகளாக நின்றார்கள்.

சிஸ்டருக்கு இனி ஜீப் கிடையாது, குணமானதும் டவுன் ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் உட்காரட்டும் என்று அதிகாரி முடிவு செய்தார். முகாமுக்கு வேறு ஆள் கிடைத்தால் அனுப்புவதாகச் சொன்னார். அந்தக் காட்டுக்குப் போகிறேன் என்று யார் கை தூக்கப் போகிறார்கள்?

அதன்பிறகு விசில் முகாமுக்குப் போன ஒரு நாளில், தகரக் கொட்டகைகளுக்கு முன்னால் நாலைந்து பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள், லாரி என்று தெரிந்ததும் நின்றுவிட்டார்கள்.

"அண்ணே, சிஸ்டர் இன்னிக்காவது வருவாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தெரியலம்மா" என்றான்.

அவனுக்குத் தெரியும். இறங்கும்போது பெட்டியில் கல் சொல்ல வேண்டியபோதெல்லாம் நாக்கு புரளவில்லை. 'லோடு லோடு' என்று அன்று அவன் சொன்னது நிஜம்தான், ஆனாலும் அது தன் காதுக்கே பொய்யாகக் கேட்டது.

வீட்டில் அவன் மனைவி அவனுக்காகக் காத்திருந்தாள். அவர்கள் பெண் பிறந்தபோது கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்து கையைப் பிடித்துக்கொண்டவர் சிஸ்டர். அவள் அன்று ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"அவங்களைப் போய் பொய் சொல்றாங்கன்னு எழுதிட்டாங்களாமே. கேட்டீங்களா அநியாயத்தை?" என்று தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள். "என்கிட்ட என்ன கேட்டாங்க தெரியுமா? 'அந்த லோடு வண்டி நல்லபடியா மேட்டுல ஏறிடுச்சாம்மா? உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?'ன்னு கேட்டாங்க."

விசில் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பள்ளத்துல கிடக்கும்போது மேல ஹாரன் ரெண்டு தடவை கேட்டுச்சாம். 'நன்றி சொல்லிட்டுப் போறாங்கன்னு பழக்க தோஷத்துல கையைத் தூக்கிக் காட்டினேம்மா'ன்னு சொல்லிச் சிரிக்கிறாங்க. அப்புறம் அந்த வண்டி சறுக்கிடுச்சோ, அந்தத் தம்பிக்கு என்ன ஆச்சோன்னு அதே நினைப்பா கிடந்தாங்களாம். எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஏங்க, சோத்தைப் பிசைஞ்சுட்டே இருக்கீங்க?"

அவன் கையை உதறிவிட்டு எழுந்தான். குழாயடியில் நின்று கழுவிக்கொண்டே இருந்தான். அவள் பின்னால் வந்து நின்றாள். இருபது வருஷத்துக்குப் பக்கத்தில் ஒன்றாக வாழ்ந்தவளுக்கு, முதுகைப் பார்த்தாலே போதும்.

"அன்னிக்கு அவங்களுக்கு எதிர்ல ஏறினது உங்க வண்டியா?"

அவன் குழாயை மூடினான்.

"நீங்க லோடுன்னு சொன்னீங்களா?"

"எல்லாரும்தான் சொல்றோம். அது ஒரு வழக்கம். உனக்குப் புரியாது."

"எல்லாரும் சொன்னதை நான் கேக்கல. நீங்க சொன்னீங்களா?"

"சொன்னேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். திரும்பிப் போய், அவன் வைத்துவிட்டு வந்த தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

"அவங்க உங்களுக்காகக் கவலைப்பட்டுட்டுக் கிடந்திருக்காங்க. நீங்க அவங்க பொய்க்காரின்னு பேரு வாங்கறதைப் பார்த்துட்டு நின்னிருக்கீங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில், எல்லா டிரைவர்களும் சாவி வாங்க நிற்கும் நேரத்தில், விசில் சூப்பர்வைசரின் மேசைக்கு முன்னால் போய் நின்றான். சுற்றி வளைக்கவில்லை.

"சார், அன்னிக்கு லோடுன்னு சொன்னது நான். வண்டி காலி. சிஸ்டர் சொன்னதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல."

"டேய்!" என்றார் சீனியர்.

"விடுங்கண்ணே. உங்களை யாரையும் நான் இழுக்கல. நான் சொன்னதை நான் சொல்றேன்."

சூப்பர்வைசருக்கு முகம் கறுத்தது. முதலில் திட்டினார். பொறுப்பு, கட்டுப்பாடு என்று ஏதேதோ சொன்னார். அவர் மேசையின் ஓரத்திலும் ஒரு வயர்லெஸ் பெட்டி இருந்தது. அந்த நேரம் பார்த்து, விடியலிலேயே கிளம்பிப் போன ஏதோ ஒரு வண்டி அதில் பேசியது. "லோடு, மேல, ரெண்டாம் கல்." சூப்பர்வைசர் பேச்சை நிறுத்தினார். அன்றும் அவர் மேலே எதையும் அனுப்பியிருக்கவில்லை. அறையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"தினமும் இது என் காதுல விழுந்துட்டுத்தான் இருக்கு" என்றார் சூப்பர்வைசர், குரல் இறங்கி. "அனுப்பாத லோடு எப்படிப் போகுதுன்னு நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. வேலை நடந்தா போதும்னு இருந்துட்டேன்."

சிஸ்டர் மேல் தவறில்லை என்று அன்றே எழுதி அனுப்பினார். விசிலின் சாவியை வாங்கி மேசை டிராயரில் போட்டார். இனி அவனுக்கு ரோட்டில் வேலை இல்லை, டிப்போவில் மரம் அடுக்கும் இடத்தில் நிற்க வேண்டியதுதான். வெளியே வந்தபோது சீனியர் அவனிடம் பேசவில்லை. மற்ற சிலரும் பேசவில்லை. அது அவனுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனான்.

பெண்கள் வார்டில் கடைசிக் கட்டில். காலைத் தூக்கி எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஊசி குத்தியே பழகிய கையில் இப்போது ஊசி ஏறியிருந்தது. அவனைப் பார்த்ததும் சிஸ்டர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"வாங்க தம்பி. நேத்துத்தான் உங்க வீட்டம்மா வந்துட்டுப் போனாங்க. பொண்ணு நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா சிஸ்டர்." அவன் உட்காரவில்லை. "சிஸ்டர், அன்னிக்கு ஏழாம் கல்லுல லோடுன்னு சொன்னது நான்தான்."

அவர் முகம் மலர்ந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"நீங்கதானா! அப்பாடா. வண்டி ஏறிடுச்சுல்ல? அந்த மேட்டுல நின்னா அவ்வளவுதானேன்னு எனக்கு ஒரே பயம்."

"வண்டி காலி, சிஸ்டர்."

"என்னது?"

"வண்டியில ஒண்ணும் இல்ல. சங்கிலி மட்டும்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் தம்பி லோடுன்னு சொன்னீங்க?"

"எங்களுக்குள்ள அப்படித்தான் சிஸ்டர். லோடுன்னா காலி. லோடு லோடுன்னா..." கொட்டகையில் எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டே சொன்ன வாக்கியம். அந்தக் கட்டிலுக்கு முன்னால் நின்று அவனால் அதை முடிக்க முடியவில்லை.

"எனக்கு யாரும் சொல்லலியே" என்றார் சிஸ்டர்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தனக்கு மட்டும் ஏன் சொல்லாமல் விட்டார்கள் என்று யோசிக்கிறவர் போலச் சொன்னார். விசிலுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆபீசில் சொல்லிவிட்டதையும், அவர் மேல் தவறில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டதையும், தன் வண்டியைப் பிடுங்கிக்கொண்டதையும் கடகடவென்று சொல்லி முடித்தான். பிறகு, "என்னை மன்னிச்சிடுங்க சிஸ்டர்" என்றான்.

வலியில் கத்துகிறவர்களிடமும், மாத்திரையைத் துப்பிவிடும் பிள்ளைகளிடமும் 'பரவாயில்ல, பரவாயில்ல' என்று சொல்லிச் சொல்லியே பழகியவர் அவர். தனக்கும் அந்த வார்த்தை கிடைக்கும் என்று எதிர்பார்த்து விசில் நின்றான். சிஸ்டர் அதைச் சொல்லவில்லை.

"காலையில டாக்டர் வந்தார்" என்றார். "நடக்கலாமாம். குச்சி வெச்சுக்கிட்டு நடக்கலாம். கிளட்ச் மிதிக்க முடியாதாம். நீங்க எழுதி வாங்கினது சந்தோஷம்தான் தம்பி, என் பேரு கெடாமப் போச்சு. ஆனா அந்தப் பேரை வெச்சுக்கிட்டு நான் இனிமே அந்த மலை ஏற முடியாது. அங்க இருக்க பிள்ளைங்களுக்கு அடுத்த ஊசி யாரு போடுவாங்கன்னு எனக்குத் தெரியல."

பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். சிஸ்டர் பழக்கத்தில் எழப் பார்த்து, எடை இழுக்க, மறுபடி தலையணையில் சாய்ந்தார். அவன் ஓடிப் போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து அதே இடத்தில் நின்றான்.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"சின்ன வயசுல நமக்கெல்லாம் ஒண்ணு சொல்லி வளத்தாங்க இல்ல தம்பி? பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்னு. அதை நம்பித்தான் நான் இவ்வளவு நாள் இருந்தேன். இந்தப் பிள்ளைங்ககிட்டயும் அதைத்தான் சொல்லியிருக்கேன். இப்போ இங்க படுத்துக்கிட்டு யோசிச்சா, அதுல ஒரு தப்பு இருக்கு." அவர் அவனை நேராகப் பார்த்தார். "உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. உங்க கொட்டகையில எல்லாரு கண்ணும் நல்லாத்தான் இருக்கு. ஊரே கூடிச் சொன்னாலும் பொய் பொய்தான் தம்பி, பழகிட்டதால அது உண்மை ஆயிடாது. ஆனா அது சொன்னவனைக் குத்தறதில்ல, அவனுக்கு வழிதான் விடுது. அதை நம்பி ஒதுங்கி நிக்கறாங்க பாருங்க, அவங்களைத்தான் குத்துது."